கறிவேப்பிலையும் நுரைக்கிற மருந்தும்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. முட்டிவலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டே காலம் தள்ளாதே, டாக்டரைப் பார். இங்கே எல்லாரும் நலம். மகள் தாவரவியல் எம்.எஸ்சி. இரண்டாம் வருடம். இந்தக் கடிதம் நீளப் போவதே அவளால்தான்.

நீ ஊரை விட்டுப் போகும்போது தொட்டியோடு கொடுத்த கறிவேப்பிலை போன மாதம் சாகப் பார்த்தது. லாரித் தண்ணீர் நாலு நாள் வரவில்லை. வேறு வழியில்லாமல் போர் தண்ணீரை ஊற்றினேன். நம்ம தெரு போர் தண்ணீர்தான் உனக்குத் தெரியுமே, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். இலை ஓரமெல்லாம் கருகி, தொட்டாலே உதிர்ந்தது.

ஏன் என்று மகள்தான் விளக்கினாள். மண்ணில் உப்பு ஏறினால் வேரால் தண்ணீர் இழுக்க முடியாதாம். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளச் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் கரியமில வாயு உள்ளே வராது. ஆனால் வெயில் நிற்குமா? பச்சையம் அதை வாங்கிக்கொண்டே இருக்கும். அந்த வெயில் கிளப்பிவிடுகிற எலக்ட்ரான்கள் போக இடமில்லாமல் பக்கத்திலிருக்கிற ஆக்சிஜன் மேல் ஏறிக்கொள்ளும். அப்படிப் பிறக்கிறது சூப்பர் ஆக்சைடு, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. காசிமேட்டில் தகரம் கிழித்த உன் காலில் கம்பவுண்டர் ஊற்ற, நுரை பொங்கி நீ அலறினாயே, அதே மருந்துதான்! உன் ரத்தத்திலிருந்த கேட்டலேஸ் என்ற நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்ததால் வந்த நுரை அது. செடிக்குள்ளும் கேட்டலேஸ் உண்டு.

"அப்போ விஷம்தானே?" என்றேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாத்திரை விளம்பரமும் இந்த மாதிரிப் பொருள்களை விஷம் என்றுதானே பயமுறுத்துகிறது. அவள் சிரித்தாள். அளவு மீறினால் விஷம், கொஞ்சமாக இருந்தால் சேதி. இதைத் தயாரிப்பதற்கென்றே செல் சவ்வில் செடி ஒரு நொதி வைத்திருக்கிறதாம். விஷத்தை வேண்டுமென்றே யாராவது தயாரிப்பார்களா? இலைத்துளை மூடுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. வறட்சியில் சுரக்கிற அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன், துளையின் இரு பக்கமும் இருக்கிற காப்புச் செல்லில் பெராக்சைடை உண்டாக்க, அது கால்சியத்துக்குக் கதவு திறந்துவிடும். அப்புறம்தான் துளை மூடும். 2000-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. ஓர் இலையில் காயம் பட்டால் சேதி செடி முழுக்கப் போகிறது. நம் தெருவில் லாரி வந்தால் என்ன நடக்கும்? முனை வீட்டு அக்கா கத்துவாள், அடுத்த வீடு அதைக் கேட்டுக் கத்தும், கடைசி வீட்டுக் குடம் வெளியே வந்துவிடும். முனை வீட்டிலிருந்து ஒருத்தரும் ஓடவில்லை, சத்தம்தான் கைமாறிப் போகிறது. அப்படித்தான் ஒரு செல் பெராக்சைடை வெளியே விட, அடுத்த செல் விழித்துக்கொண்டு தானும் விடும். கடுகுக் குடும்பத்து அரபிடாப்சிஸ் செடியில் இந்த அலையை 2009-ல் அளந்திருக்கிறார்கள்: நிமிடத்துக்கு 8.4 செ.மீ. வரை. நரம்பே இல்லாத உயிருக்கு இது என்ன வேகம்!

காலேஜ் லேபிலிருந்து போட்டோ ஒன்று கொண்டுவந்து காட்டினாள். இலையை ஊசியால் குத்தி, சாயத்தில் ஊறவைத்து, ஆல்கஹாலில் போட்டுப் பச்சையை வெளியேற்றியிருக்கிறார்கள். வெளிறின இலையில் குத்தின இடத்தைச் சுற்றி மட்டும் டீக்கறை மாதிரி பழுப்பு. பெராக்சைடு இருக்கிற இடம் அது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

எண்ணூர்ப் பக்கம் கழிமுகத்தில் நிற்கிற அலையாத்தி எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்பாய். அது உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளிவிடும். இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். பாவம், நம் கறிவேப்பிலைக்கு அந்த வித்தை தெரியாது.

சரி, செடி பிழைத்துவிட்டது. நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி உப்பைக் கீழே இறக்கினோம். நேற்று காலை நுனியில் நாலு சிவந்த கொழுந்து. உன் தங்கச்சி இன்னும் ஒரு ஈர்க்கு கூடக் கிள்ள விடவில்லை. மீன் குழம்புக்குக் கடையில்தான் வாங்குகிறோம்.

இப்படிக்கு,
உன் மச்சான்