பிங்க் பேட்ச் வேலை பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. உங்கள் ஊர் போலீஸ்காரர்களும் வரும் அக்டோபரில் சட்டைத் தோளில் இருக்கும் துறைச் சின்னத்தை (பேட்ச்) பிரித்துவிட்டு அதையே பிங்க் நிறத்தில் தைத்துக்கொள்ளப் போகிறார்கள், வேலை உன் எம்பிராய்டரி கடைக்கு வருகிறது என்றதில் சந்தோஷம். கேட்டதையெல்லாம் எழுதுகிறேன்.

இந்த வழக்கம் கிளம்பியதே உங்கள் கலிபோர்னியாவில்தான். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் இர்விண்டேல் என்று ஓர் ஊர். கல் குவாரிகள் அதிகம், குடியிருப்பவர்கள் 2,000 பேர்கூட இல்லை. அக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். அதற்கு என்ன செய்யலாம் என்று 2013-இல் அங்குள்ள காவலர்கள் பேசியதில் பிறந்தது, பிங்க் பேட்சைத் தாங்களும் அணிந்து மக்களுக்கும் விற்றுப் பணம் திரட்டும் இந்தத் திட்டம். பக்கத்து ஊர் டுவார்ட்டியில் சிட்டி ஆஃப் ஹோப் புற்றுநோய் மையம். திரட்டிய பணத்தை எங்கே கொடுப்பது என்று அலைய வேண்டியிருக்கவில்லை.

முதலில் அளவு. பழைய பேட்சைப் பிரித்த இடத்தில் சட்டைத் துணி வெளுக்காமல் இருக்கும், சுற்றிலும் ஊசித் துளைகள் தெரியும். பிங்க் பேட்ச் அரை சென்டிமீட்டர் சின்னதானாலும் அந்த வளையம் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் பழைய பேட்சின் அதே வடிவம், அதே அளவு. பசை ஒட்டும் பின்புறம் வேண்டவே வேண்டாம். நவம்பரில் பிரித்தால் கறை நிற்கும். வெல்க்ரோ சுலபம்தான், ஆனால் கைகலப்பில் பிய்ந்து விழுந்தால் யார் கையிலும் கிடைக்கும். தையலே நல்லது.

அடுத்து, எழுத்து. பிங்க் தளத்தில் வெள்ளி எழுத்துப் போட்டுத்தான் பலரும் கெடுக்கிறார்கள். கணினித் திரையில் அழகாக இருக்கும். பத்தடி தள்ளி நின்றால் 'போலீஸ்' என்பதே தெரியாது. கறுப்பு அல்லது கருநீலம் போடு. எழுத்து உயரம் 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நூல் அடைத்துக்கொள்ளும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். ரேயான் பளபளக்கும், ப்ளீச் பட்டால் வெளுத்துவிடும். மாதிரி ஒன்று தைத்துக் காட்டி, தலைமை அதிகாரியின் கையெழுத்து வாங்கிய பிறகே மொத்தமாக ஓட்டு.

எண்ணிக்கையில் சட்டையை மறந்துவிடுவார்கள். 40 பேர், ஆளுக்கு 3 சட்டை, இரண்டு தோள் என்றால் அதுவே 240. விற்பனைக்கு வேண்டியது தனி. ஜூனில் தொடங்கினால் நிம்மதி. ஆகஸ்ட் கடைசியில் வந்து நிற்பார்கள், எனக்குத் தெரியும்.

பணம்தான் சிக்கலான இடம். உன் விலை ஒன்றுக்கு 3 டாலர், விற்பது 10 டாலர் என்று வை. மீதி 7-ம் நன்கொடையாகப் போகிறதா, 10-ம் போகிறதா என்பதை விற்கும் இடத்திலேயே எழுதி வைக்கச் சொல். வரவு நகராட்சிப் பொதுக்கணக்கில் விழுந்தால் வெளியே எடுப்பது பெரும்பாடு. காவலர் சங்கத்தின் பெயரில் தனிக்கணக்கு வைக்கலாம். நகர முத்திரை பேட்சில் இருந்தால் விற்க நகராட்சி அனுமதி வேண்டும். அசல் நிறப் பேட்சை மட்டும் யாருக்கும் விற்காதே, போலி போலீஸுக்கு அது போதும்.

இன்னொன்று. தோளைப் பார்த்து யாராவது விவரம் கேட்டால் காவலர் முழிக்கக் கூடாது. பெண்களுக்கு 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) என்பது 2024 முதல் அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழுவின் பரிந்துரை. குடும்பத்தில் நோய் இருந்தவர்கள் முன்னதாகவே மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆண்களுக்கும் வரும், நோய் வந்தவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவர் ஆண். இவ்வளவையும் சின்ன அட்டையில் அச்சடித்துப் பேட்சோடு சேர்த்துக் கொடுத்துவிடு, அதற்குத் தனிக்காசு வாங்காதே.

பழைய பேட்ச் ஒன்றை ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. எழுத்து தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கதிர்