ஞாயிறு மறுவாசிப்பு: 'ஆன் ஆஃப் அவன்லீ'

நண்பர்களே, வணக்கம்.

இம்முறை நாம் மறுபடி படிக்கும் நாவல் எல். எம். மாண்ட்கோமரியின் 'ஆன் ஆஃப் அவன்லீ' (1909). வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குக் குழு அழைப்பில் பேசலாம்.

1. மொத்தம் 30 அத்தியாயங்கள். முழுதும் முடியாதவர்கள் 4, 5, 12 ஆகியவற்றையாவது படித்துவிடுங்கள். பதினாறு வயதில் ஆசிரியையாகும் ஆன், பிள்ளைகளை அடிக்கவே மாட்டேன் என்று 4-இல் தோழி ஜேனிடம் வாதாடுகிறாள். 12-இல், எல்லாமே தப்பாகப் போன ஒரு நாளில், அந்தோணி என்ற மாணவனை அடித்துவிடுகிறாள். அவனோ அதன் பிறகுதான் அவளிடம் நெருங்குகிறான்! சின்ன வயதில் இதை வேகமாகக் கடந்துவிட்டேன். இப்போது அவள் அழுகையும் வெட்கமும்தான் மனசில் நிற்கின்றன. இதைத்தான் அதிகம் பேச ஆசை.

2. பிடித்த ஒரு பத்தியைக் குறித்து வையுங்கள்.

3. ஆங்கில மூலம் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

4. வருவீர்களா என்று வெள்ளி இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள்.

அப்புறம், ஆசிரியராக இருந்தவர்கள் தங்கள் முதல் நாள் வகுப்பைப் பற்றி இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்பினால் அதோடு தொடங்கலாம்.