எட்டு சூ கூலியும் விஸ்கி வரியும்

திருநெல்வேலி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பிட்ஸ்பர்க் குளிர் உனக்குப் பழகிவிட்டது என்றும், பேரனுக்கு அகரம் எழுதக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டாய் என்றும் அறிந்து மகிழ்ந்தேன். என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மற்றபடி குறையில்லை. ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், குறைந்த வரியே நியாயமான வரி என்பதுதான் அமெரிக்காவை உருவாக்கியவர்களின் கொள்கை என்று போகிற போக்கில் ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறாய். முப்பத்திரண்டு ஆண்டுகள் விற்பனை வரி அலுவலகத்தில் குப்பை கொட்டிய என்னால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நீ சான்றாகக் காட்டிய, பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய தேயிலையையே எடுத்துக்கொள்வோம். 1773-ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையை ஏற்றவில்லை, இறக்கியது. கடனில் தத்தளித்த கிழக்கிந்தியக் கம்பெனியைக் கரையேற்றுவதற்காக, அதன் சரக்கை நேரடியாக அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் விற்க அனுமதித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றம், ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ் என்ற பழைய தீர்வையை மட்டும் விடாப்பிடியாக வைத்துக்கொண்டது. அந்த மூன்று பென்ஸைக் கொடுத்துவிட்டால், தாங்கள் தேர்ந்தெடுக்காத ஓர் அவைக்குத் தங்கள் மீது வரி விதிக்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகும் என்பதால்தான் 342 பெட்டிகள் கடலுக்குப் போயின. அன்றைய கேள்வி யார் விதிப்பது என்பதுதான். எவ்வளவு என்பது பிறகு வந்த கேள்வி.

தாங்களே ஆளத் தொடங்கிய பிறகுதான் அவர்களுக்கு உண்மையான தலைவலி ஆரம்பித்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றமே விடுதலைப் போரில் வாங்கிய கடனை அடைக்க நிலத்தின் மீதும் தலைக்கு இவ்வளவு என்றும் வரி போட்டு, அதை வெள்ளி நாணயமாகக் கேட்டது. மேற்குப் பகுதி உழவர்களிடம் மாடும் தானியமும் இருந்தன, நாணயம் இல்லை. அவர்களில் பலர் முன்னாள் போர்வீரர்கள். சம்பளத்துக்குப் பதிலாகத் தங்களுக்குக் கிடைத்த கடன் சீட்டுகளை அற்ப விலைக்கு விற்றிருந்தார்கள். அந்தச் சீட்டுகளை வாங்கிக் குவித்தவர்களுக்கு முழு மதிப்பைக் கொடுப்பதற்கே இப்போது அவர்களிடம் வரி கேட்கப்பட்டது. 1786-இல் டேனியல் ஷேஸ் போன்றவர்கள் நீதிமன்றங்களை முற்றுகையிட்டதற்குக் காரணம் இதுதான். பிரதிநிதித்துவம் இருந்தது, நியாயம் இருந்ததா?

அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் அரசியலமைப்பு எழுதக் கூடியவர்களிடமும் தெளிவு இல்லை. நேரடி வரியை மாநிலங்களின் மக்கள்தொகைப்படி பங்கிட வேண்டும் என்றும், அந்தக் கணக்கில் அடிமைகள் ஐவரை மூவராக எண்ண வேண்டும் என்றும் விதி செய்தார்கள். நேரடி வரி என்றால் சரியாக என்ன என்று ரூஃபஸ் கிங் என்ற உறுப்பினர் எழுந்து கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை என்று, அவையின் விவாதங்களைக் குறித்துவந்த உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் தம் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் சுற்றறிக்கை வாசித்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

அமெரிக்காவை உருவாக்கியவர்களில், சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன்தான் என்னை அதிகம் அலைக்கழித்தவர். 1785 அக்டோபரில், தாம் தூதராக இருந்த பிரான்சின் ஃபோன்டன்ப்ளோவில் தனியாக நடந்து போனபோது, தம்முடன் அதே வேகத்தில் நடந்து வந்த ஓர் ஏழைப் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கிறார். அவளுக்கு நாளொன்றுக்கு எட்டு சூ (பிரெஞ்சுச் சில்லறைக் காசு) கூலி, இரண்டு பிள்ளைகள். வேலை கிடைக்காத நாளில் ரொட்டியும் கிடையாது. வழிகாட்டியதற்காக 24 சூ கொடுத்ததும் அவள் வாய் பேச முடியாமல் அழுதுவிடுகிறாள். அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு திரும்பியவர் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில், ஓர் அளவுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வரியே வேண்டாம், அதற்கு மேல் சொத்து கூடக் கூட வரியைப் பெருக்கல் விகிதத்தில் உயர்த்தலாம் என்கிறார். உன் கொள்கைக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு உண்டா? ஆனால் நீ என்னை மடக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: அதே மனிதர் 1816-இல், ஒருவர் உழைப்பால் அதிகம் சேர்த்துவிட்டார் என்பதற்காக அவரிடமிருந்து எடுத்து மற்றவருக்குக் கொடுப்பது சமூகத்தின் முதல் விதியையே மீறுவதாகும் என்று எழுதினார். தமக்காக உழைத்த அடிமைகளின் கூலி இந்த இரண்டு கடிதங்களின் கணக்கிலும் வரவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

அவர்களில் மூத்தவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இவ்வளவு தடுமாறவில்லை. பிழைப்புக்குத் தேவையானதற்கு மேல் உள்ள சொத்தெல்லாம் சமூகத்தின் சட்டத்தால் உண்டானது, ஆகவே அதில் எவ்வளவு வேண்டும் என்று கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு என்று 1783-இல் அன்றைய நிதிப் பொறுப்பாளர் ராபர்ட் மாரிஸுக்கு எழுதினார். பின்னாளில் முதல் நிதியமைச்சரான அலெக்சாண்டர் ஹாமில்டனோ நுகர்பொருள் வரியே நல்லது என்றார். புதிய அரசியலமைப்பை ஆதரித்து எழுதிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 21-ஆவதில் அவர் சொல்வது இது: விரும்பினால் வாங்கு, வேண்டாமென்றால் விடு; வரி அளவு கடந்தால் விற்பனை குறைந்து வருவாயும் குறையும், ஆகவே அந்த வரி தனக்குத் தானே வரம்பு கட்டிக்கொள்ளும்.

தாளில் அழகாக இருந்த அந்த வாதம் நீ இப்போது இருக்கும் ஊர்ப் பக்கத்தில்தான் முட்டிக்கொண்டது. மலைகளுக்கு மேற்கே விஸ்கி ஆடம்பரப் பொருள் அன்று, பணம். ஒரு பொதிகுதிரை தானியமாக நான்கு புஷல்தான் (புஷல் என்பது தானியம் அளக்கும் மரக்கால் போன்ற அளவு) சுமக்கும். அதையே வடித்துவிட்டால் இருபத்து நான்கு புஷலின் மதிப்பைக் கிழக்கே கொண்டுபோகும். ஹாமில்டன் கொண்டுவந்த 1791-ஆம் ஆண்டு விஸ்கி வரிச் சட்டம் நாட்டுப்புற வடிகலத்தின் (சாராயம் வடிக்கும் பாத்திரத்தின்) கொள்ளளவைப் பார்த்து, காலனுக்கு ஆண்டுக்கு 60 சென்ட் என்று கேட்டது. ஆண்டு முழுவதும் அடுப்பெரித்த பெரிய முதலாளிக்கு அது சில்லறை. அறுவடைக்குப் பின் சில வாரம் மட்டும் வடித்த உழவனுக்குச் சுமை. கட்டத் தவறியவர்கள் முந்நூறு மைல் தள்ளி இருந்த பிலடெல்பியா நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும். இந்தக் கொடுமையை உணர்ந்து 1794 ஜூனில் உள்ளூர் விசாரணைக்குச் சட்டம் செய்தார்கள். ஆனால் அதற்குச் சில நாள் முன்னதாகப் பழைய முறையில் பிறப்பித்த அழைப்பாணைகளைத் திரும்பப் பெறாமல் ஜூலையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அறுவடை நேரத்தில் வில்லியம் மில்லர் என்ற உழவரின் வாசலுக்கு அந்தத் தாள் வந்தபோது, அதிகாரிக்கு வழிகாட்டியபடி உடன் வந்து நின்றவர் வரி ஆய்வாளர் ஜான் நெவில். இரண்டே நாளில் நெவிலின் வீடு சாம்பலாயிற்று. கலகத்தை அடக்கக் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 படைவீரரைத் திரட்டிப் பாதி வழி தாமே வந்தார். தேசத்துரோகக் குற்றம் உறுதியான இருவரையும் பின்னர் அவரே மன்னித்தார்.

இதைப் படித்த இரவு எனக்கு ஒரு பாத்திரக் கடைக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் கட்ட வேண்டிய பாக்கி முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். எங்கள் கணக்கில் தவறு இருந்தும், மேல்முறையீட்டுக்கு நான்கு முறை பேருந்து ஏறி, ஒவ்வொரு முறையும் கடையை அடைத்துவிட்டு வந்தார். விகிதம் தவறென்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நியாயம் என்பது விகிதத்தில் இருப்பதைவிட, எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தக் காசில் கேட்கிறோம் என்பதில்தான் அதிகம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது அவரைப் பார்த்துத்தான். அமெரிக்க முன்னோடிகள் கடிதங்களில் விகிதத்தைப் பற்றி வாதாடினார்கள். அவர்களுக்கு எதிராக எழுந்த உழவர்கள் வசூல் முறையைப் பற்றி வாதாடினார்கள். எனக்கு உழவர் கட்சிதான்.

ஜெஃபர்சன் குடியரசுத் தலைவரானதும் 1802-இல் விஸ்கி வரி உட்பட உள்நாட்டு வரிகளை நீக்கினார் என்று நீ உடனே எழுதுவாய். மூன்றாண்டு கழித்து, கூட்டாட்சியின் வரி வசூலிப்பவரை எந்த உழவர், எந்தத் தொழிலாளி பார்க்கிறார் என்று பெருமையாகவும் கேட்டார். வரி வசூலிப்பவர் கண்ணில் படவில்லை என்பது உண்மைதான். ஆனால் இறக்குமதி உப்புக்கு அப்போதும் தீர்வை இருந்தது, அது 1807-இல்தான் போயிற்று. எட்டு சூ கூலிக்காரிக்கும் உப்பு வேண்டுமே.

எரிந்த வீடு போக, நெவில் குடும்பத்தின் இன்னொரு வீடு பிட்ஸ்பர்குக்குத் தென்மேற்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. வெயில் வந்ததும் பேரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார். பழைய வடிகலம் ஏதேனும் கண்ணில் பட்டால் எத்தனை காலன் பிடிக்கும் என்று கேட்டு எழுது. வரி எவ்வளவு வரும் என்று நான் இங்கிருந்து கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

உன் பழைய அறைத்தோழன்