குப்பியை அலுமினியத் தாளில் சுற்றச் சொன்னவருக்கு

பெயர் தெரியாத ஆய்வக ஊழியருக்கு எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி. அக்யூட் போர்ஃபிரியா என்ற அரிய பரம்பரை நோயில் உயிர் போகிற மாதிரி வயிற்றுவலி வரும், ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. குடல்வால் என்பார்கள், மனநோய் என்பார்கள். வலி இருக்கும்போதே சிறுநீர் எடுக்க வேண்டும், 24 மணி நேரம் சேர்க்கத் தேவையில்லை, ஒருமுறை எடுத்ததே போதும் என்று சொன்னது நீங்கள்தான். வெளிச்சம் பட்டால், இந்த நோயில் சிறுநீரில் கூடும் போர்ஃபோபிலினோஜன் என்ற பொருள் சிதைந்து அளவு குறைத்துக் காட்டும் என்று, உடனே அலுமினியத் தாளில் சுற்றி ஐஸில் வைக்கவும் சொன்னீர்கள். முழு நோயறிதலும் இந்த ஒரு குப்பியில்தான் நிற்கிறது!

பட்டினியும் சல்ஃபா மாத்திரையும் இந்த நோயைக் கிளப்பும். வலிப்பு வந்தால் வழக்கமாகக் கொடுக்கும் ஃபெனிட்டாயினும் அப்படித்தான். அந்த மருந்துப் பெயர்களைச் சீட்டில் எழுதித் தந்தீர்களே, அது இப்போது நோயாளியின் பர்ஸிலேயே இருக்கிறது.