பூங்காவில் அமர்ந்திருப்பவள் க்வென் ஹார்வுட் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இலக்கியப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கவிஞர் க்வென் ஹார்வுட் குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அவரைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு. ஆகவே கட்டுரையாளருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ‘பூங்காவில்’ என்ற ஒரே கவிதையை எடுத்துக்கொண்டு, ஹார்வுட் தாய்மையை வெறுத்த ஓர் இல்லத்தரசி என்றும், சொந்த வாழ்க்கையின் கசப்பையே அவர் பாடினார் என்றும் கட்டுரை முடிவு கட்டியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

அந்தக் கவிதையையே முதலில் பார்ப்போம். காலத்துக்கு ஒவ்வாத உடையோடு ஒரு பெண் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு குழந்தைகள் சிணுங்கிச் சண்டையிட்டு அவள் பாவாடையைப் பிடித்து இழுக்கின்றன; மூன்றாவது குழந்தை மண்ணில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அவள் நேசித்த ஒருவன் அவ்வழியே வருகிறான். பார்க்காததுபோல் இருந்துவிடலாம் என்றால் அதற்குள் அவன் தலையசைத்துவிடுகிறான். ஒப்புக்கு நாலு வார்த்தை, குழந்தைகளின் பெயர்கள், பிறந்த நாள்கள். பிள்ளைகள் மழலை பேசி வளர்வதைப் பார்ப்பது எத்தனை இனிமை என்று, விடைபெற்றுத் திரும்பும் அவன் புன்னகையை நோக்கிச் சொல்கிறாள். பிறகு கடைக்குட்டியை அணைத்துக்கொண்டு தன் கால்களையே வெறித்தபடி, தன்னை அவர்கள் உயிரோடு தின்றுவிட்டதாகக் காற்றிடம் சொல்கிறாள். பதினான்கே அடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கவிதையைச் சொல்லிச் செல்லும் குரல் அவளை ‘அவள்’ என்றே குறிக்கிறது. ‘என்னை’ என்ற சொல் வரும் கடைசிக் கூற்றும் மேற்கோள் குறிக்குள் அடைபட்டிருக்கிறது. 1961-இல் ஆஸ்திரேலியாவின் ‘புல்லட்டின்’ இதழில் இக்கவிதை வெளியானபோது அதனடியில் இருந்த பெயரும் க்வென் ஹார்வுட் அன்று, வால்டர் லேமன். அன்றைய வாசகர்கள் ஓர் ஆண் எழுதிய கவிதையாகவே இதைப் படித்தார்கள். இந்தச் செய்தி கட்டுரையில் எங்குமே இல்லை என்பதுதான் என் முதன்மையான குறை.

ஹார்வுட்டின் புனைபெயர் வால்டர் லேமன் ஒன்று மட்டுமன்று. ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த இசைஞர் என்று நம்பும்படியாகப் பிரான்சிஸ் கெயர் என்றொருவரை ஹார்வுட் படைத்தார். வீட்டுச் சுவர்களுக்குள் புழுங்கும் பெண்ணின் சீற்றத்தை எழுத மிரியம் ஸ்டோன், பின்னாளில் கோபக்கார இளைஞனாக டி. எஃப். க்ளைன் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொருவருக்கும் தனி நடை, தனிப் பொருள், தனி வாழ்க்கை வரலாறுகூட இருந்தது. லேமன், ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் ஹ்யூவான் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவராம். ஆணின் பெயரில் அனுப்பினால் இதழாசிரியர்கள் கூடுதல் மரியாதையோடு படிக்கிறார்கள் என்ற ஐயம் ஹார்வுட்டுக்கு இருந்தது. இங்கே ரங்கராஜன் தம் மனைவியின் பெயரைச் சூடிச் சுஜாதா ஆனதை அறிந்த நமக்கு, அங்கே ஒரு பெண் ஆண் பெயர்களுக்குள் புகுந்துகொள்ள நேர்ந்தது தலைகீழ்க் காட்சியாகத் தோன்றலாம்.

அடுத்து நடந்ததை, ஆசிரியர் பொறுப்பில் இருக்கும் தங்களிடம் சொல்லச் சற்றுத் தயக்கம்தான். 1961 ஆகஸ்டில் அதே ‘புல்லட்டின்’, லேமன் பெயரில் வந்த இரண்டு சானெட்டுகளை, அதாவது பதினான்கடிப் பாடல்களை, வெளியிட்டது. இடைக்காலப் பிரான்சின் புகழ்பெற்ற காதலர்களான அபெலார்டும் எலோயிசாவும் ஒருவரையொருவர் விளித்துப் பேசும் பாடல்கள் அவை. ஒவ்வோர் அடியின் முதலெழுத்தையும் மேலிருந்து கீழாகக் கூட்டிப் படித்தால், ஒன்று ‘புல்லட்டினே, போய்வருகிறேன்’ என்றது. மற்றொன்று இதழாசிரியர்கள் அனைவரையும் அச்சிலேற்ற முடியாத ஒரு வசைச்சொல்லால் வாழ்த்தியது. இதழ் வெளிவந்த பிறகே விஷயம் வெளிப்பட்டது. கவிதை என்ற அளவில் அவை வெறும் குப்பை என்பதே ஹார்வுட்டின் கருத்து. குப்பையை அடையாளம் காணத் தெரியாதவர்கள்தாம் நல்ல கவிதையைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று காட்டவே அவர் அவற்றை எழுதினார். குட்டு உடைந்ததும் பத்திரிகைகள் அவரைக் கவிஞர் என்று எழுதவில்லை, டாஸ்மேனிய இல்லத்தரசி என்றே எழுதின. அந்தப் பட்டத்தை அவர் சிறிதும் விரும்பவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின் தங்கள் கட்டுரையிலும் அதே சொல்லைக் கண்டபோது எனக்கு உறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ் வாசகருக்கு இதில் குழப்பமே வரக்கூடாது என்பது என் எண்ணம். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று யார் வாயிலாகப் பாட்டு வருகிறது என்பதை முதலில் கேட்டுவிட்டுத்தான் அகப்பாடலுக்குள் நுழைவது நம் மரபு. கபிலர் தலைவியின் குரலில் ஏங்கினால் அதைக் கபிலரின் சொந்தக் கதை என்று யாரும் படிப்பதில்லை. அந்த இலக்கணத்தோடு வளர்ந்த நாமே, ஒரு வெளிநாட்டுப் பெண் எழுதினார் என்றவுடன் கூற்றை மறந்துவிட்டு நாட்குறிப்பைத் தேடப் போவது விந்தைதான்.

அவர் வாழ்வுக்கும் கவிதைக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. நான்கு குழந்தைகளை வளர்த்தவர். அந்தக் களைப்பை அவர் அறியாதவர் அல்லர். பிரிஸ்பேனின் டாரிங்காவில் 1920-இல் பிறந்து, இளமையில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, 1945-இல் மணமானதும் தென்கோடியிலுள்ள ஹோபார்ட்டுக்குப் போனவர். குவீன்ஸ்லாந்தின் வெயிலை விட்டு டாஸ்மேனியாவின் குளிருக்குப் பெயர்ந்த அந்தப் பிரிவு அவர் கவிதைகளில் வாழ்நாள் முழுவதும் கசிந்துகொண்டே இருந்தது. ‘வயலட் மலர்கள்’ கவிதையில் குளிர்ந்த அந்தி நேரத்தில் ஒரு பெண் மண்டியிட்டு, சாம்பலும் மண்ணும் கலந்த பாத்தியில் பூப்பறிக்கிறாள். அந்த மணம் அவளைப் பிரிஸ்பேனின் மிட்செல்டனில் இருந்த முதல் வீட்டுக்கு இழுத்துப்போகிறது. சூடான பிற்பகலில் தூங்கி எழுந்த சிறுமி, பொழுது விடிந்துவிட்டதென்று எண்ணி அம்மாவிடம் ஓடிக் காலை உணவு கேட்கிறாள். இருட்டப்போகிறது என்று அம்மா சிரிக்கிறாள். காலை எங்கே போயிற்று என்று குழந்தை அழுகிறது. தூங்கும்போது தன்னிடமிருந்து எதையோ திருடிவிட்டார்கள், அதற்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. காலம் என்ற பெரிய பொருளை இத்தனை சிறிய வீட்டுக்குள் அடக்கிய கவிதைகள் அதிகம் இல்லை. தந்தை குனிந்து பூவை முகர்கிறார், தாயின் பொன்பழுப்புக் கூந்தலைத் தடவிக்கொடுக்கிறார். கெட்ரன் ஓடைப் பக்கம் ஏதோ பறவை கூவுகிறது.

இதே கவிஞர்தான் ‘கூகை’யையும் எழுதினார். வீடு உறங்கும் விடியற்காலையில் ஒரு குழந்தை தந்தையின் துப்பாக்கியைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு, பழைய லாயத்தின் உத்திரத்தில் வந்தமரும் கூகையைச் சுடுகிறது. பறவை சாகவில்லை. வைக்கோலில் விழுந்து, குடல் சரிந்து, கண்தெரியாமல் தத்தித் தத்திக் குழந்தையை நோக்கியே வருகிறது. தொடங்கியதை நீயே முடி என்கிறார் தந்தை. இங்கே ‘நான்’ உண்டு. ஆனால் குழந்தைமை என்றால் களங்கமின்மை என்று நம்பும் வாசகருக்கு எதிராக அந்த ‘நான்’ நிறுத்தப்பட்டிருக்கிறது. இதன் இணைக்கவிதையில் நாற்பது ஆண்டுகள் கழிகின்றன. பகலும் இரவும் ஒன்றாகிவிட்ட எண்பது வயதுத் தந்தையோடு அதே பிள்ளை நடந்து செல்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். தனியாகப் பிரித்தால் முதலாவது வெறும் கொடூரமாகவும் இரண்டாவது வெறும் உருக்கமாகவும் நின்றுவிடும்.

ஆண்களைப் பற்றி எழுதும்போது அவருடைய நகைச்சுவை கூர்மையாகிவிடும். அவர் கவிதைகளில் வரும் கற்பனைப் பாத்திரங்களான அணு விஞ்ஞானி பேராசிரியர் ஐசன்பார்ட், குடித்துக்கொண்டே காது கேளாத ஊருக்குப் பியானோ வாசிக்கும் பேராசிரியர் க்ரோட்டே ஆகிய இருவரையும் அவர் ஓயாமல் கேலி செய்கிறார், கைவிடவும் மறுக்கிறார். க்ரோட்டேயிடம் அவருக்கு இருந்த பரிவு, இசைஞருக்கு இசைஞர்மேல் உள்ள பரிவு என்றே எனக்குப் படுகிறது. டாஸ்மேனியப் பழங்குடிகளில் எஞ்சியோர் 1847-இல் கொண்டுவந்து குடிவைக்கப்பட்ட ஆய்ஸ்டர் கோவ் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அவ்விடத்திலேயே சில காலம் வாழ்ந்தவர் என்பதால் அந்தக் கவிதையில் குற்றவுணர்வு இரவல் பொருளாகத் தெரிவதில்லை.

தாய்மைக்கே திரும்புகிறேன். ‘எனக்கு உயிர் தந்த அம்மா’ என்ற கவிதையைக் கட்டுரையாளர் படித்திருந்தால் ஹார்வுட் தாய்மையை வெறுத்தவர் என்று எழுதியிருக்க மாட்டார். தாய் இறந்த பிறகு மருத்துவமனைச் செவிலி மகளிடம் சொல்கிறார்: உயிர் பிரியும்போது உங்கள் அம்மா ஒரு சிறு துண்டை மடித்துக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட முப்பதாயிரம் நாள்கள் வாழ்ந்த ஒரு வாழ்க்கையைச் சிறிய இடத்துக்குள் மடித்துவைத்த துணியாகப் பார்க்கிறார் ஹார்வுட். கடைசிச் சந்திப்பில் வார்டின் கண்ணாடிக் கதவைச் சாத்தும்போது கசங்கிய தாயின் முகத்தையும், இழை தேய்ந்த நல்ல லினன் துணிக்கே ஒப்பிடுகிறார். வீட்டு வேலையை ஏளனம் செய்தவர் என்று பெயர் வாங்கியவர், துணி மடிக்கும் அந்தக் கைகளைவிட உயர்ந்த உவமையைத் தம் தாய்க்குத் தேடவில்லை. பூங்காப் பெண் சொன்னதும் பொய்யன்று, இந்த மகள் சொல்வதும் பொய்யன்று. இரண்டு கூற்றுகளும் ஒரே கையிலிருந்து வந்தவை.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஹார்வுட்டின் கவிதைகளைத் தமிழில் வெளியிடும் எண்ணம் தங்களுக்கு இருக்குமானால், ‘பூங்காவில்’ கவிதையையும் தாயைப் பற்றிய இந்தக் கவிதையையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடுங்கள். முதற்கவிதையின் அடியில், அது முதலில் வெளிவந்தபோது இருந்ததுபோலவே, வால்டர் லேமன் என்ற பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்