தராசு மட்டும் போதாது: முட்டை கொள்முதல் விதி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விடுதிகளுக்கும் சமையல் கூடங்களுக்கும் மொத்தமாக முட்டை வாங்க விதி எழுதுகிற ஐயாமார், அம்மாமார் எல்லோருக்கும் வணக்கம்.

நாமக்கல் பக்கம் லேயர் பண்ணை, அதாவது முட்டைக்கோழிப் பண்ணை, வைத்திருக்கிறேன். பெரிசாக ஒன்றும் இல்லை, இரண்டே ஷெட். போன மாதம் அனுப்பிய லோடில் பாதி திரும்பி வந்தது. எங்கே என்பது இப்போது வேண்டாம். காரணம் எடை. அட்டை அட்டையாகத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, முட்டைக்குச் சராசரி 47 கிராம்தான் வருகிறது, 50 வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சரி, விதி என்றால் விதிதான். ஆனால் திரும்பி வந்தது முழுக்க 22 வாரக் கோழிகளின் முட்டை, லோடு ஏற்றிய அன்று காலையில் எடுத்தது. மறுபேச்சில்லாமல் இறக்கிக்கொண்டது 76 வாரக் கிழவிகள் போட்ட 63 கிராம் முட்டை, அதிலும் நான்கு நாள் பழசு கலந்திருந்தது.

வயிற்றெரிச்சலில் இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்து எவர்சில்வர் தட்டில் உடைத்து ஊற்றினேன். சின்ன முட்டையின் வெள்ளைக்கரு மஞ்சள் கருவைச் சுற்றிக் கெட்டியாக எழும்பி நின்றது, தட்டைச் சாய்த்தாலும் மெதுவாகத்தான் நகர்ந்தது. பெரிய முட்டை ஊற்றியதுமே தட்டின் விளிம்பு வரைக்கும் ஓடிவிட்டது, மஞ்சள் கரு தட்டையாக ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, சின்னதை ஆஃபாயிலுக்கு எடுத்துக்கொண்டு பெரியதை ஆம்லெட்டுக்குத் தள்ளிவிட்டார். உங்கள் விதிப்புத்தகம் இதற்கு நேர் எதிராகச் செய்கிறது.

கோழிக்கு வயது ஏற ஏற முட்டை பெரிதாகும், ஆனால் ஓட்டுக்கென்று அது போடுகிற சுண்ணாம்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஒரு ஓட்டில் இருக்கிற கால்சியம் ஏறக்குறைய 2 கிராம், அதையே பெரிய பரப்பில் இழுத்துப் பூச வேண்டியிருப்பதால் ஓடு மெலிந்து கீறல் விழுகிறது. சுண்ணாம்புக்காகத் தீவனத்தில் கிளிஞ்சல் எவ்வளவு கொட்டினாலும் ஓரளவுக்குத்தான். வெள்ளைக்கருவின் கெட்டித்தன்மையும் வயதோடு இறங்கும். ஒரே வயதுக் கோழிகளிலும் பெரிய முட்டையில் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் வெள்ளைக்கருதான், அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்.

இதை அளக்க வழி இல்லாமல் இல்லை. ரேமண்ட் ஹா என்பவர் 1937-இலேயே சொன்ன ஹா அலகு இருக்கிறது: முட்டையை உடைத்து, கெட்டி வெள்ளைக்கரு எத்தனை மில்லிமீட்டர் உயரம் நிற்கிறது என்று பார்த்து, எடையோடு சேர்த்துக் கணக்குப் போடுவது, எண் கூடினால் தரம் கூடுதல். இதில் எடை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு முட்டையிலும் உயரம் 6 மில்லிமீட்டர் என்றால் 50 கிராம் முட்டைக்கு 80 வரும், 65 கிராம் முட்டைக்கு 75தான். பெரிய முட்டை இன்னும் உயரமாக நின்றால்தான் அதே மதிப்பெண்.

நம் அக்மார்க் விதியே எடையையும் தரத்தையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. 45 முதல் 52 கிராம் வரை நடுத்தரம், 53 முதல் 59 வரை பெரிது என்று எடைக்கு ஒரு வரிசை. ஏ, பி என்று தரத்துக்கு இன்னொன்று, ஏ என்றால் உள்ளே காற்றறையின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குள், பி என்றால் 8-க்குள். முட்டை வைத்திருக்க வைத்திருக்க ஓட்டுத் துளைகள் வழியாகத் தண்ணீர் போய் அந்த அறை பெரிதாகும். நீங்கள் எடை வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட்டீர்கள்.

எடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணிக் கொடுக்கிற பொருளில் 40 கிராம் முட்டையைத் தள்ளிவிட்டு ஏமாற்ற ஆள் இருக்கிறது, பிள்ளைகள் தட்டில் குறையக் கூடாது. அடை வைக்கிறவர்களும் எடை பார்க்கத்தான் செய்வார்கள், குஞ்சின் எடை முட்டை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரும் என்பதால். பக்கத்துத் தோட்டத்தில் காடை வளர்க்கிறவர் 10, 12 கிராம் முட்டையைத்தான் குஞ்சு பொரிக்கிற மெஷினில் வைப்பார், மிகச் சிறியதைத் தள்ளுகிற மாதிரியே மிகப் பெரியதையும் தள்ளிவிடுவார். இரட்டைக் கரு முட்டை எங்கே பொரியப் போகிறது? அவர் தராசில் இரண்டு பக்கமும் கோடு இருக்கிறது, உங்களுடையதில் கீழ்க்கோடு மட்டும்.

இதனால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் லோடு என்றாலே கிழட்டுக் கோழி முட்டையாகப் பார்த்து ஏற்றுகிறோம், நானும்தான். நல்ல முட்டை, சின்னது என்று விலை குறைத்து டீக்கடைக்குப் போகிறது. சித்திரை வெயிலில் இன்னும் மோசம், கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், எடை தானாக இறங்கும், அன்றைக்கு எடுத்த முட்டையே தராசில் தோற்றுப்போகும்.

கேட்பது பெரிதில்லை. கீழ் எடையை 45-இல் வைத்துவிட்டு, அட்டையில் முட்டை எடுத்த தேதியைப் போடச் சொல்லுங்கள். லோடுக்கு ஐந்து முட்டை உடைத்துப் பாருங்கள். அந்த ஐந்தையும் நான் கணக்கில் சேர்க்கமாட்டேன்.