விடிவிளக்கும் எட்டடிக் கயிறும்

கோத்தகிரி
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, திட்டாதே. போன மாதம் ஒரே ராத்திரிப் பனியில் கீழ்ப்பள்ளத்து அரை ஏக்கர் தேயிலை போய்விட்டது. பச்சைப் பசேலென்று நின்ற கொழுந்து இரண்டே நாளில் வறுத்த கறிவேப்பிலை மாதிரி ஆகி, விரலால் தொட்டால் நொறுங்குகிறது. வெட்கக்கேடு என்னவென்றால், அங்கே சென்சார் வைத்திருந்ததே நான்தான். 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் போன் அலற வேண்டும். அலறவே இல்லை.

சென்சாரைத்தான் சந்தேகப்பட்டேன், பேட்டரியைக் கூட மாற்றினேன். அப்புறம்தான் மார்க் வைசர் ஞாபகம் வந்தார். கணினி கண்ணுக்குத் தெரியாமல் சுற்றியுள்ள பொருள்களிலெல்லாம் கலந்திருக்க வேண்டும் என்ற யோசனைக்கு யுபிக்விட்டஸ் கம்ப்யூட்டிங் என்று 1988 வாக்கில் பெயர் வைத்த, அமெரிக்காவின் ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்துக்காரர், நாம் ஹாஸ்டலில் மணிக்கணக்காகச் சண்டை போட்டோமே, அவர்தான். அதற்கு முன்னாலேயே ‘ப்ரோகிராம் ஸ்லைசிங்’ என்று ஒன்றைச் செய்தவரும் அவரே (1979 முனைவர் ஆய்வு, 1981 கட்டுரை). ப்ரோகிராமில் ஒரு வரியில் ஒரு மாறியின் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்தான் மாறி) மதிப்பு தப்பாக இருந்தால், அங்கிருந்து பின்னோக்கிப் போய் அந்த மதிப்பைத் தொட்ட வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஓரம் கட்டிவிடுவது. பிழை தேடுகிறவர்கள் தங்களை அறியாமலே மனசுக்குள் இதைத்தான் செய்கிறார்கள் என்று சோதித்தும் காட்டினார்.

நானும் என் சென்சார் ப்ரோகிராமில், போனை அலறவைக்கும் வரியில் பிடித்துப் பின்னால் நடந்தேன். 600 வரியில் 11 தான் மிஞ்சியது. அதில் ஒன்று, என் கையாலேயே எழுதியது, வீட்டுப் பக்கத்து சென்சாரையும் பள்ளத்து சென்சாரையும் கூட்டி இரண்டால் வகுத்துக்கொண்டிருந்தது! மேட்டில் 6, பள்ளத்தில் 0, சராசரி 3, எல்லாம் சுகம். குளிர்காற்று கனம், தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து இறங்கும் என்பது இங்கே எந்த ஹட்டியில் (படுகர் ஊர்) எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வாள்.

சரி, அந்த வரியைத் திருத்தினேன், அதோடு போன் அலாரத்தையும் தூக்கிவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு அலறினால் அணைத்துவிட்டுத் திரும்பப் படுக்கத்தானே தோன்றும்? வைசர் ஆசைப்பட்டது வேறு: கணினி நம் கவனத்தின் ஓரத்தில் சும்மா இருக்க வேண்டும், வேண்டும்போது மட்டும் நடுவுக்கு வர வேண்டும். அவர்கள் மையத்தில் நடாலி ஜெரமிஜெங்கோ என்ற கலைஞர் கூரையில் ஒரு சின்ன மோட்டார் வைத்து எட்டடி பிளாஸ்டிக் கயிற்றைத் தொங்கவிட்டிருந்தார். நெட்வொர்க் கம்பியில் தகவல் போகப் போக அது துடிக்கும், தகவல் நெரிசல் அதிகமானால் சுழன்று சத்தம் போடும், யாரும் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. நம் வால்பாறையில் யானை நடமாட்டம் இருந்தால் சாலையோரம் எரிகிற சிவப்பு விளக்கு இருக்கிறதே, அதுவும் இதே ஜாதிதான் என்பேன்.

இப்போது என் படுக்கையறை விடிவிளக்குதான் பள்ளத்தோடு பேசுகிறது. குளிர் ஏற ஏற மஞ்சள் மங்கி நீலமாகும். போன வியாழக்கிழமை என் மனைவிதான் முதலில் பார்த்தாள். “நீலமாயிடுச்சு, எழுந்திருங்க” என்றாள். போய் ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட்டு வந்தேன், செடி தப்பியது.

வைசர் மனுஷன் 1999-இல், 46 வயதிலேயே போய்விட்டார். இணையத்தில் முதன்முதலாக நேரலையில் வாசித்த இசைக்குழுவில் டிரம்ஸும் அடித்தவராம், 1993-இல். உனக்குப் பிடிக்குமே என்று எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, ஸ்வெட்டரோடு ஒரு பழைய சின்ன மோட்டாரும் எடுத்து வா. கயிறு என்னிடம் இருக்கிறது. ஹாலில் தொங்கவிட அவளிடம் இன்னும் அனுமதி வாங்கவில்லை, நீ கேட்டால் தருவாள்.

அன்புடன்,
ராஜு